கல்யானையின் வாயில் கரும்பு: ஒரு சிறார் மாயக்கதை உருவான விதம்

## பின்னணி

இந்த ஆய்வின் நடுவில் இருப்பவர் மதுரைக்கு வடகிழக்கே ஒத்தக்கடைப் பக்கம் குடியிருக்கும் ஒரு பெண். 2021 கடைசியில் எனக்கு அறிமுகமானபோது அவருக்கு வயது 42. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், படுக்கையைவிட்டுத் தானாக எழ முடியாத மாமியார். நான் சிறார் நூல்களுக்குச் செம்மையாக்கம் செய்பவன். நண்பர் ஒருவர் மூலம் அவருடைய கையெழுத்துப் பிரதி என் கைக்கு வந்தது. அவர் படித்துத் திருத்திக் கொடுத்த பிறகே இதை எழுதி முடித்திருக்கிறேன். ஆட்களின் பெயரும் ஊர், பள்ளி, பதிப்பகத்தின் பெயரும் வராது.

அவர் எழுதும் நேரம் விடிகாலை நாலேகாலிலிருந்து ஐந்து நாற்பது வரை. ஐந்து நாற்பதுக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிடும், குடத்தோடு இறங்கியாக வேண்டும். அடுப்படி மேடையில் நோட்டை வைத்து நின்றுகொண்டே எழுதுவார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவாராம். அலுவலகத்தில் கழித்துப்போட்ட பேரேட்டு நோட்டுகள்தான் காகிதம். பற்று, வரவு என்று அச்சடித்த கோடுகளுக்குக் குறுக்கே நீல மையில் நெருக்கி எழுதியிருப்பார். மூன்றரை வருடத்தில் அப்படி 212 பக்கம் சேர்ந்திருந்தது.

அவருடைய அப்பா புது மண்டபத்துத் தையல்காரர். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் காலத்தில் எழுந்த அந்த மண்டபத்தில் 124 தூண்கள். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறும்வரை அந்தத் தூண்களின் இடுக்கில்தான் தையல் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சித்திரைத் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டு வேடம் போடுகிறவர்களுக்கு உருமாலும் கச்சையும் அங்கேதான் தைப்பார்கள். பள்ளிவிட்டு வந்த பிள்ளை, அப்பா எந்திரத்தை மிதிக்கிற வரைக்கும் யாளியின் காலடியில் துணிப்பொட்டலத்தின் மேல் படுத்துக் கிடக்கும். இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த 212 பக்கத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

அதில் இருந்தது பனி மூடிய ஒரு தேசம், வெள்ளைக் கோட்டை, நெருப்புக் கக்கும் டிராகன், அதை அடக்கப் போகும் ஓர் இளவரசி. வாக்கியங்கள் சுத்தமாக இருந்தன. நான் அதுவரை பார்த்த பல சிறார் பிரதிகளைவிட நல்ல தமிழ்.

## முதல் வாசிப்பில் கவனித்தது

2022 பிப்ரவரியில், கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் முழுதாகத் திறந்த சமயம், ஒரு பள்ளியில் சனிக்கிழமைக் கதைநேரத்துக்கு அவரை அழைத்துப் போனேன். ஐந்திலிருந்து ஏழாம் வகுப்பு வரை 23 பிள்ளைகள். எழுதியவரே படித்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, பிள்ளைகள் எந்த இடத்தில் அசைகிறார்கள், எந்த இடத்தில் அசையாமல் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். எந்தப் பிரதிக்கும் நான் செய்கிற வழக்கம்தான் அது.

முதல் அத்தியாயத்தில் எல்லோரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். பனிப்புயல் வந்த இடத்தில் ஒரு சிறுமி, "ஃபிரிட்ஜுக்குள்ள ஒட்டியிருக்குமே, அந்த மாதிரியா மிஸ்?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். இரண்டாவது அத்தியாயத்தில் தண்ணீர் பாட்டில் நிரப்பப் போன மூன்று பேரில் ஒருவன்தான் திரும்பி வந்தான். டிராகன் வந்தபோது யாரும் பயப்படவில்லை. டிராகனை அவர்கள் செல்போனில் நூறுமுறை பார்த்திருக்கிறார்கள்.

வாசிப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது, மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம். நேரத்தைப் போக்க அவர் வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். தனக்கு ஏழு வயது இருக்கும்போது, புது மண்டபத்தில் அப்பா கடைக்குப் பக்கத்துத் தூணில் கரும்பு தின்னும் யானை ஒன்று செதுக்கியிருக்கும். முக்காலி போட்டு ஏறி, அதன் வாயில் ஒரு துண்டுக் கரும்பை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாராம். மறுநாள் வந்து பார்த்தால் கரும்பு இருக்காது.

திரும்பி வந்த பையன் இரண்டு வரிசை தாண்டி முன்னால் நகர்ந்தான். "தெனமும் காணாமப் போகுமா?"

"தெனமும்."

"யாரு தின்னது?"

"தெரியலையேப்பா. இன்னிக்கு வரைக்கும் தெரியல."

மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. என் நோட்டில் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் எழுதியிருக்கிறேன்: கரும்பு.

## முதல் முடிவும் என் தவறும்

மறுநாளே போன் செய்து, பனி தேசத்தைக் கட்டி ஓரமாக வைக்கும்படியும் யானைக் கதையை எழுதும்படியும் சொன்னேன். காரணமும் சொன்னேன். பார்க்காத பனியை எழுதியிருக்கிறீர்கள், தொட்டுப் பார்த்த கல்லை விட்டுவிட்டீர்கள் என்றேன். சொன்னதில் பாதி சரி. சொன்ன விதமும் சொன்ன நேரமும் முழுக்கத் தவறு.

"சரிங்க" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஐந்து மாதம் ஒரு வரி எழுதவில்லை. நாலேகாலுக்கு விழிப்பு வந்தாலும் படுத்தே கிடந்ததாகப் பின்னால் சொன்னார். அந்தப் பனி தேசம் எப்போது தொடங்கியது என்று அன்று நான் கேட்கவே இல்லை. 2018 மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், அப்பாவைச் சேர்த்திருந்த மருத்துவமனை வராந்தாவில் இரவு விழித்திருந்தபோது, எங்காவது குளிர்ந்த இடத்தில் இருக்கவேண்டும் போலிருந்ததாம். அங்கேயே மருந்துச் சீட்டின் பின்புறம் முதல் வரியை எழுதியிருக்கிறார். அப்பா ஜூனில் இறந்துபோனார். நான் ஓரமாக வைக்கச் சொன்ன பிரதி அது.

## கல்லைத் தேடிப் போனது

2022 ஆகஸ்டில் அவரே கூப்பிட்டார். எழுதுகிறேன் என்று சொல்லவில்லை, ஒரு இடத்துக்குக் கூட வர முடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் மாமியாரைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வருவார். அப்படி வாராவாரம் கிடைத்த நான்கு மணிநேரத்தில், மொத்தம் ஏழு ஞாயிறு வெளியே போனோம்.

முதலில் அவர் வீட்டு மொட்டைமாடி. அங்கிருந்து யானைமலை முழுதாகத் தெரிகிறது, துதிக்கையை நீட்டிப் படுத்த யானை. அடிவாரத்தில், நரசிங்கத்தில், கி.பி. 770 வாக்கில் பாண்டியனின் அமைச்சர் எடுத்த நரசிம்மர் குடைவரை. பிறகு மேற்கே கீழக்குயில்குடி. தாமரைக்குளமும் ஆலமரமும் அய்யனாரும் தாண்டிச் சமணர் மலையில் ஏறினால் செட்டிப்புடவு. குகைக்குள் உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரரின் நீண்ட காதுகளைப் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கும் ஒருவரை ஊர் தன் வழக்கத்துக்குள் இழுத்துப் பெயர் வைத்துக்கொண்டது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. திரும்பும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தார்.

மதுரையைச் சுற்றி நிற்கும் மலைகளே ஒரு மாயக்கதையின் மிச்சங்கள். நகரத்தை அழிக்க ஏவப்பட்ட யானையும் பாம்பும் பசுவும் கல்லாகி யானைமலை, நாகமலை, பசுமலை என்று விழுந்து கிடப்பதாகத் திருவிளையாடல் சொல்கிறது. இதை மதுரையில் பிறந்த எந்தப் பிள்ளையும் கேட்டிருக்கும். அவர் செய்தது, பரஞ்சோதி முனிவரின் நூலை எடுத்து 64 படலங்களையும் வரிசையாகப் படித்தது. அதில் ஒன்று கண்ணில் பட்டது. கல்யானை உயிர்பெற்றுக் கரும்பு தின்பது 21-ஆவது படலம். உயிரோடு வந்த யானை அம்பு பட்டு வீழ்வது 22-ஆவது. அடுத்தடுத்து. பேரேட்டு நோட்டில் எதிரெதிர்ப் பத்திகளில் அவர் இப்படி எழுதி வைத்திருந்தார்: வரவில், 'ஒரு யானை எழுந்தது'. பற்றில், 'ஒரு யானை படுத்தது'.

அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

## இரண்டாம் பிரதியும் ஒரு கேள்வியும்

நவம்பரில் இரண்டாம் பிரதி வந்தது. தையல்காரர் மகள் ஒருத்தி தூண் யானைக்குக் கரும்பு வைக்கிறாள். ஒருநாள் யானை கண் திறக்கிறது. வறண்டுபோன ஊருக்குத் தண்ணீர் தேடி இருவரும் புறப்படுகிறார்கள். முதல் அறுபது பக்கம் மிக நன்றாக இருந்தது.

பழைய பிள்ளைகளிடமே படித்தோம். தண்ணீர் பாட்டிலை யாரும் தொடவில்லை. ஏழாவது அத்தியாயத்தில் அந்த மகள் ஆபத்து வரும்போதெல்லாம் ஒரு கல்லைத் தொட்டு எழுப்புகிறாள்: யாளி, குதிரை, நாரை. கரும்பைப் பற்றிக் கேட்ட அதே பையன் கையைத் தூக்கினான். "அப்ப எல்லாக் கல்லையும் ஒரேயடியா எழுப்பிற வேண்டியதான? எதுக்குப் பயப்படுறா?"

இருவருக்கும் பதில் இல்லை. கதை அந்த இடத்தில் நின்றுபோயிற்று. மாயக்கதை எழுதுகிறவர்கள் வழுக்கி விழுகிற இடம் இதுவாகத்தான் இருக்கும். எதையும் செய்ய முடிந்தால் எதற்கும் கவலைப்பட வேண்டியதில்லை. அடுத்த ஒரு மாதத்தில் அவர் இரண்டு வழி முயன்றார். மூன்று தடவைதான் எழுப்பலாம் என்று வைத்தார். "ஏன் மூணு?" என்று கேட்டது அவருடைய சின்ன மகள். பௌர்ணமியில் மட்டும் என்று மாற்றினார். அவருக்கே அது ஒட்டவில்லை.

## நீர்க்கட்டி சொன்னது

வழி கிடைத்தது கதையே இல்லாத ஓர் இடத்தில். கூட வேலை பார்ப்பவரின் சொந்த ஊருக்கு, மேலூர்ப் பக்கம், 2023 ஜனவரியில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். நானும் போயிருந்தேன். பெரியாற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி அது. வந்த தண்ணீரைக் கண்மாயில் தேக்கிப் பங்கு போட்டுத்தான் வெள்ளாமை. பங்கு போடுகிறவர் நீர்க்கட்டி. அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். பரம்பரையாக அந்தக் குடும்பத்துக்குத்தான் அந்த வேலை. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல்லாகக் கூலி வாங்குவார்கள்.

சாப்பிட்டுவிட்டுக் கரைமேல் நடந்தோம். கண்மாய்க்கு உள்ளே இரண்டு கல்தூண்கள் தண்ணீருக்கு மேலே தலைகாட்டின. அது குமிழி மடை. ஷட்டர் வருவதற்கு முன்னால் அவருடைய அப்பா நீந்திப் போய் மூச்சடக்கி முங்கித்தான் அடைப்பைத் தூக்குவாராம்.

நீர்க்கட்டி கீழே வயலுக்கு இறங்கினார். வாய்க்கால் ஓரமாக மண்வெட்டியால் ஒரு கொத்து ஈரமண் எடுத்து, முதல் வயலுக்குத் தண்ணீர் பாயும் திறப்பான வாமடையில் போட்டார். அது கரைந்து ஓடப் பார்த்தது. காலடியில் கிடந்த வைக்கோலை ஒரு பிடி சுருட்டி அதன்மேல் வைத்து, இன்னொரு கொத்து மண் போட்டு, குதிகாலால் மூன்று தடவை திருகி மிதித்தார். முதல் வயலுக்குத் தண்ணீர் நின்றது. அப்புறம்தான் நாலடி தள்ளி அடுத்த வாமடையை வெட்டிவிட்டார். தண்ணீர் அங்கே திரும்பியது.

"ரெண்டையும் தொறந்து விட்டா என்னங்கய்யா?" என்று கேட்டார் நம் எழுத்தாளர்.

"ரெண்டுலயும் கணுக்கால் கூட நனையாதுத்தா. ஒண்ண அடைச்சாத்தேன் ஒண்ணு பாயும். எத அடைக்கிறதுங்கிறதுதேன் வேலையே. தொறக்குறது என்ன, யாரு வேணுன்னாலும் தொறப்பாய்ங்க."

எழுத்தாளர் பேசாமல் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இருபத்தொண்ணும் இருபத்திரெண்டும்" என்றார். எனக்குப் புரியச் சற்று நேரமானது. மறுநாள் விடிகாலையே ஏழாவது அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். ஒரு கல்லை எழுப்பினால், விழித்திருக்கும் இன்னொன்று உறங்கிப்போகும். எது உறங்கவேண்டும் என்பதை எழுப்புகிறவள்தான் சொல்லியாக வேண்டும். பயம் அதில்தான் இருந்தது. கடைசி அத்தியாயத்தில் மலையையே எழுப்பவேண்டி வரும்போது, அதற்கு ஈடாக அவள் உறங்க வைக்கவேண்டியது எது என்ற கேள்விக்காகத்தான் முழுக் கதையும் நடக்கிறது. அதை இங்கே சொல்லப்போவதில்லை.

## ஊரில் படித்துக் காட்டியது

மூன்றாம் பிரதி 2023 ஆகஸ்டில் முடிந்தது. நேராகப் பதிப்பகத்துக்கு அனுப்பலாம் என்று நான் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். மடையில் காவல் நிற்கும் சாமியை அந்த ஊர்ப் பேரோடு கதையில் வைத்திருந்தார், அதனால் ஊரில் படிக்காமல் அச்சுக்குக் கொடுக்க மனசில்லை என்றார். நான் வீண் தாமதம் என்று நினைத்தேன்.

நீர்க்கட்டி வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பேர். இரண்டு மணிநேரம் படித்தார். கதையில் காவல் சாமி கதாநாயகியை மடையைத் தொடவிடாமல் தடுத்து, கடைசியில் தோற்று ஓடும். நீர்க்கட்டியின் அக்கா அந்த இடத்தில் குறுக்கிட்டார்.

"எங்க சாமி ஏன்த்தா ஓடுது? நாங்க அதுக்கு என்ன கொற வச்சோம்?"

கோபம் இல்லை, வருத்தம்தான். கதைதானே என்று நான் சொல்ல வாயெடுத்தேன். எழுத்தாளர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அந்த அம்மாவிடம், சாமி என்ன செய்திருக்கும் என்று கேட்டார். "ஓடாது. வழியும் விடாது. ஏன் தொறக்கணும்னு கேக்கும். சொன்னா விடும்."

திருத்தத்துக்கு இரண்டு வாரம் ஆனது. சாமியின் பெயரும் ஊரின் பெயரும் எடுக்கப்பட்டன. சண்டைக்காட்சி போய், மடைமேல் நடக்கும் ஒரு கேள்வி-பதில் வந்தது. ஊர் மனம் கோணக்கூடாது என்பது ஒரு காரணம். அது போதுமான காரணமும்தான். ஆனால் எழுத்தாக மட்டும் பார்த்தாலும் திருத்தியதுதான் மேல். புத்தகம் வந்த பிறகு பிள்ளைகள் நடித்துக் காட்டுகிற காட்சி அதுதான்.

நீர்க்கட்டிக்கு நன்றியுரையில் பெயர் போடலாமா என்று கேட்டதற்கு அவர் வேண்டாம் என்றார். "கடைமடைக்காரனுக்குத் தண்ணி போய்ச் சேந்துச்சான்னு மட்டும் எழுதிரு" என்றார். கதையில் அது விட்டுப்போயிருந்தது. சேர்த்தோம்.

## அச்சு

முதல் இரண்டு பதிப்பகங்களில் நடக்கவில்லை. ஒன்று 32 பக்கப் படக்கதையாகச் சுருக்கினால் போடுவதாகச் சொன்னது. இன்னொன்று பதிலே தரவில்லை. எட்டு மாதம் காத்திருந்தோம், அது வீண். மூன்றாவதாக ஒரு சிறிய பதிப்பகம் எடுத்துக்கொண்டது. 96 பக்கம், 500 படி, கறுப்பு வெள்ளைப் படங்கள். ஓவியர் முதலில் அனுப்பிய யானைக்குச் சிறகு இருந்தது. அவரைப் புது மண்டபத்துக்கு அழைத்துப்போய் அந்தத் தூணுக்கு எதிரே அரைநாள் உட்கார வைத்தார் எழுத்தாளர். சிறகு தானாக உதிர்ந்துவிட்டது. 2024 மதுரைப் புத்தகத் திருவிழாவுக்குள் படி கைக்கு வந்தது.

## பின்னால் நடந்தது

முதல் ஆண்டில் 340 படிகள் போயின. இதில் பாதிக்கு மேல் ஆசிரியர்கள் தங்கள் வகுப்புகளுக்காகச் சொந்தக் காசில் வாங்கியவை. கைக்கு வந்த உரிமத்தொகை ஒரு மாத வீட்டு வாடகையைத் தொடவில்லை. வேலையை விடும் பேச்சே இல்லை, எழுதும் நேரமும் மாறவில்லை.

எதிர்பாராத ஒன்று நடந்தது. 2024 நவம்பரில் மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலச் செய்தி வந்து, அரிட்டாபட்டியும் சுற்றுக் கிராமங்களும் கொந்தளித்தன. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட மலை அது. ராஜாளியும் வல்லூறும் கூடு கட்டும் பாறைகள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இடைப்பட்ட வாரங்களில் ஒரு சிறுமி கோடு போட்ட தாளில் கடிதம் எழுதியிருந்தாள். எங்க மலைய எழுப்பி விடணும்னா எத தூங்க வைக்கணும் அத்தை, என்று கேட்டிருந்தாள். நான்கு விடிகாலை எடுத்துக்கொண்டு எழுத்தாளர் பதில் எழுதினார். அதில் என்ன எழுதினார் என்று என்னிடம் சொல்லவில்லை. கேட்கக்கூடாது என்று அதற்குள் நானும் கற்றிருந்தேன்.

கரும்புப் பையன் புத்தகம் வந்தபோது ஒன்பதாம் வகுப்பு. முதல் படிகளில் ஒன்றை அவனுக்குக் கொடுத்தோம். "சின்னப் பிள்ளைங்க கதைதான மிஸ்" என்று வெட்கப்பட்டு வாங்கிப் போனான். இரண்டு நாள் கழித்து அவன் அம்மா போனில், ராத்திரி முழுக்க லைட்டை அணைக்கவில்லை என்று சலித்துக்கொண்டார்.

## மறுபடி செய்தால்

பிள்ளைகளிடம் முதலிலேயே படித்துக் காட்டியதை அப்படியே வைத்துக்கொள்வேன். முடிந்த பிரதிக்குக் காத்திராமல், அத்தியாயம் அத்தியாயமாகக் கொண்டுபோவேன்; ஏழாவது அத்தியாயத்தின் ஓட்டை மூன்றாவதிலேயே பிடிபட்டிருக்கும். ஊரில் படித்துக் காட்டுவதை எழுத்தாளரின் பிடிவாதத்துக்கு விடாமல் என் வேலையின் பகுதியாக வைத்துக்கொள்வேன். பதில் தராத பதிப்பகத்துக்கு எட்டு வாரம் போதும்.

முக்கியமாக, அந்த முதல் போனைச் செய்யமாட்டேன். ஒரு பிரதியைத் தள்ளி வைக்கச் சொல்லும் முன்னால் அது எங்கே, எப்போது, எந்த நாற்காலியில் தொடங்கியது என்று கேட்பேன். பனியை எழுதியது குற்றம் என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. அந்தப் பனிக்கு ஒரு கணக்கு இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். எது உறைந்தால் எது உருகும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

சென்ற ஜனவரியில் அவர் பிள்ளைகளோடு கொடைக்கானல் போயிருந்தார். விடிவதற்கு முன்னால் எழுந்து, உறைபனி படிந்த புல்லில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாராம். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். வெயில் ஏறி, தான் நின்ற இடத்தில் மட்டும் இரண்டு பாதம் அளவுக்குப் புல் பச்சையாகத் தெரியும் வரைக்கும் என்றார். பழைய 212 பக்கங்களை மறுபடி எடுத்து வைத்திருக்கிறார். இளவரசியையும் டிராகனையும் அடித்துவிட்டார். வராந்தாவில் மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிய முதல் வரி மட்டும் அப்படியே இருக்கிறது.